வீட்டுக் கூரையைச் சுத்தம் செய்தல்: ஏறும் வழியும் செய்யும் முறையும்

தமிழ்நாட்டு வீடுகளின் கூரையைச் சுத்தம் செய்யப் பொருத்தமான மாதம் புரட்டாசி. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்ட பிறகு, வழுக்கும் தளத்தில் ஏறித் தூம்பைக் குத்திவிடுவது ஆபத்தான வேலை. அதே வேலை புரட்டாசி வெயிலில் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். வேப்பமரம் கூரைக்கு மேல் கவிந்திருக்கும் வீடுகளில் பங்குனி முடிவில் இன்னொரு முறையும் கூட்டிவிட வேண்டும். மாசி, பங்குனியில் கொட்டும் சருகு கோடை மழையில் நனைந்து மக்கினால் தூம்புக்குள் களிம்பு போல இறுகிவிடும்.

தூம்பு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். ஆயிரம் சதுர அடித் தளம் என்பது சுமார் 93 சதுர மீட்டர். அதில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,300 லிட்டர் இறங்குகிறது. வெளியேற வழியில்லாமல் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால், தளத்தின் மேல் நாலரை டன்னுக்கு மேல் கூடுதல் பாரம் ஏறிவிடுகிறது. பாரத்தைக் காட்டிலும் கெடுதல் செய்வது கசிவு. விரிசல் வழியே இறங்கும் நீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்து, அடிப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. கூரையிலிருந்து காரை உதிரும் வீடுகள் பலவற்றில் தொடக்கம் ஓர் அடைபட்ட தூம்புதான்.

தேங்கிய நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரியும். அதனால் மாடியில் கிடக்கும் பழைய டயர், உடைந்த தொட்டி, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றை அகற்றுவதும் கூரைச் சுத்தத்தில் சேர்ந்ததுதான். 2003 முதல் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பும் இதைப் பொறுத்ததே. கூரையில் இருக்கும் புறா எச்சமும் தூசியும் அப்படியே கிணற்றுக்கும் தொட்டிக்கும் போய்ச் சேரும்.

ஏறுவதற்கு முன்

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஏறாமலே இந்த வேலையை முடிக்க முடியுமா என்பது. தாழ்வாரத்து ஓட்டின் விளிம்பிலும் மழைநீர்த் தகடுகளிலும் சேரும் சருகை, நீண்ட கைப்பிடி கொண்ட துடைப்பத்தால் தரையில் நின்றே இழுத்துவிடலாம். உள்கூரை அடிக்காத ஓட்டு வீட்டில், உடைந்த ஓட்டை வீட்டுக்குள்ளிருந்தே மாற்றலாம். பக்கத்து மாடியிலிருந்து குழாய் நீர் பீய்ச்சினாலே தகரக் கொட்டகையின் புழுதி இறங்கிவிடும். கூரை வேலையில் உயிர்ச்சேதம் பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் விளிம்பில் நிற்கும்போதும்தான் நேர்கிறது; தேய்ப்பதும் கழுவுவதும் அதற்கு அடுத்த கவலை. ஆகவே தவிர்க்கக்கூடிய ஏற்றத்தைத் தவிர்ப்பதே இந்த அத்தியாயத்தின் முதல் முறை.

ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் தனியாக ஏறக் கூடாது. கீழே ஒருவர், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், வேலை முடியும்வரை இருக்க வேண்டும். தலைச்சுற்றல் உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுத்து அதனால் தள்ளாட்டம் வருபவர்களும், முந்தைய இரவு மது குடித்தவர்களும் ஏறக் கூடாது. உடல் எடை குறைவு என்று சொல்லி ஓட்டின் மேலும் ஷீட்டின் மேலும் சிறுவர்களை ஏற்றிவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அது அறவே கூடாது. கூலிக்கு ஆள் வைத்துச் செய்தாலும், ஏணி உறுதியாக இருக்கிறதா, மின்கம்பி எங்கே போகிறது, எந்த ஷீட் பழையது என்று முன்கூட்டியே காட்டிச் சொல்வது வீட்டுக்காரரின் கடமை. வந்தவருக்கு அந்தக் கூரை புதிது. வீட்டுக்காரருக்குத்தான் அதன் பலவீனம் தெரியும்.

பொழுதும் முக்கியம். விடிந்தவுடன் பனி ஈரம் இருக்கும். பத்து மணிக்கு மேல் தகரமும் தட்டோடும் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும். ஈரம் உலர்ந்த பிறகு தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிப்பது நல்லது. காற்று பலமாக வீசினாலும் இடி முழக்கம் கேட்டாலும் வேலையைப் பாதியில் விட்டு இறங்கிவிட வேண்டும்.

ஏணி

மூங்கில் ஏணியானால் தண்டில் நெடுக்கு வெடிப்பும், படிகள் பொருந்தும் துளையில் ஆட்டமும், கட்டுக்கயிற்றில் இற்றுப்போன இழையும் இருக்கின்றனவா என்று ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டும். ஏணிக்குப் பெயின்ட் அடிப்பது நல்லதல்ல. வெடிப்பை அது மறைத்துவிடும். அலுமினிய ஏணி இலகுவானது, ஆனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கம்பி போகும் பக்கத்தில் அதைக் கொண்டுபோகவே கூடாது. மூங்கிலும் நனைந்திருந்தால் மின்சாரத்தைக் கடத்தும்.

சாய்மானத்துக்கு நாலுக்கு ஒன்று என்ற கணக்கு உண்டு. ஏணி சுவரில் படும் இடம் 12 அடி உயரமென்றால், அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். அதைவிட நெருங்கினால் ஏணி பின்னால் சாயும். தள்ளிப்போனால் கால் வழுக்கும். ஏணியின் தலை, ஏறி இறங்கும் விளிம்புக்கு மேல் 3 அடி நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் தளத்தில் கால் வைக்கும் நொடியிலும் கைக்குப் பிடிமானம் இருக்கும். விளிம்போடு நின்றுவிடும் குட்டை ஏணியிலிருந்து கைகளை ஊன்றித் தளத்துக்குத் தாவுவதும், திரும்பும்போது காலால் துழாவிப் படியைத் தேடுவதும்தான் பலரைக் கீழே தள்ளியிருக்கின்றன.

தலைப்பகுதியைக் கயிற்றால் கட்டும்வரை கீழே ஒருவர் ஏணியைப் பிடித்திருக்க வேண்டும். ஈர மண்ணில் ஏணிக்காலுக்கு அடியில் அகலப் பலகை போடலாம். கிரானைட், டைல்ஸ் தரையில் ரப்பர் பாதம் இல்லாத ஏணி வழுக்கும். உயரம் போதவில்லை என்று செங்கல் அடுக்கியோ டிரம்மின் மேல் நிறுத்தியோ ஏறக் கூடாது. ஏறும்போது இரண்டு கால்களும் ஒரு கையும், அல்லது இரண்டு கைகளும் ஒரு காலும், எப்போதும் ஏணியில் பதிந்திருக்க வேண்டும். கையில் வாளியோடு ஏறினால் இது நடக்காது. வாளி, துடைப்பம், பிரஷ் எல்லாவற்றையும் மேலே போன பிறகு கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ள வேண்டும்.

விளிம்பு, தொட்டி மேடை, சன்ஷேட்

தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி மாடிக் கைப்பிடிச் சுவர் குறைந்தது ஒரு மீட்டர் உயரம் இருக்க வேண்டும். அந்தச் சுவர் உள்ள மொட்டை மாடியில் வேலை செய்வது பெரும்பாலும் பாதுகாப்பானது. ஆபத்து அதற்கும் மேலே இருக்கிறது. மாடிப்படி அறையின் தலையில், தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கும் சிறு தளத்துக்குப் பல வீடுகளில் கைப்பிடிச் சுவரே கிடையாது. சுவரில் பதித்த இரும்புப் படிகளைப் பிடித்து அங்கே ஏற வேண்டியிருக்கும். அவை துருப்பிடித்து ஆடும். தொட்டி கழுவுவதும் அங்கேதான் என்பதால் தளம் ஈரமாகவே இருக்கும். தொட்டியைச் சுற்றி ஒன்றரை அடி வழிதான் மிஞ்சும். இந்த இடத்தில் பாதுகாப்புக் கச்சை இல்லாமல் வேலை செய்யக் கூடாது.

கச்சை என்பது தோள், மார்பு, தொடை மூன்றையும் பிணைக்கும் முழு உடல் கச்சை. இந்தியத் தரம் ஐ.எஸ். 3521. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டோ கயிறோ விழும்போது வயிற்றையும் முதுகெலும்பையும் சிதைத்துவிடலாம். கச்சையின் கயிற்றைக் கான்கிரீட் தூண், உத்திரம் போன்ற அசையாத பாகத்தில் கட்ட வேண்டும். பி.வி.சி. குழாய், தொட்டி, டிஷ் கம்பம், கைப்பிடிச் சுவரின் செங்கல் ஆகிய எதுவும் ஓர் ஆள் விழும் இழுப்பைத் தாங்காது. கயிற்றின் நீளத்தை, விளிம்புவரை போகவே முடியாதபடி குறைத்துக் கட்டுவதுதான் சிறந்த வழி. விழுந்த பிறகு தாங்குவதைவிட விழவிடாமல் தடுப்பது மேல். தேங்காய் நார்க் கயிறு சுமை இறக்க உதவும், ஆளைத் தாங்க உதவாது.

சன்ஷேட் மீது இறங்கி நின்று கூட்டுவது தமிழ்நாட்டில் மிகச் சாதாரணமாகப் பார்க்கப்படும் காட்சி. அது நிறுத்தப்பட வேண்டிய பழக்கம். சுவரிலிருந்து இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கான்கிரீட் பலகைக்கு ஒரு பக்கம்தான் பிடிப்பு. அதைத் தாங்கும் கம்பி மேற்பரப்புக்கு அருகில் ஓடுவதால், நீர் தேங்கித் தேங்கி அதுதான் முதலில் துருப்பிடிக்கும். கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சன்ஷேடை மாடியிலிருந்து குனியாமல் எட்டும் நீளக் கைப்பிடித் துடைப்பத்தாலோ, ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் சாத்திய ஏணியில் நின்றோ சுத்தம் செய்யலாம். ஏணியைச் சன்ஷேட் விளிம்பில் சாத்துவதும் தவறு.

விளிம்புக்கு அருகே வேலை செய்யும்போது முகம் விளிம்பைப் பார்த்திருக்க வேண்டும். துடைப்பதும் தேய்ப்பதும் பின்னோக்கி நடந்தபடி செய்யும் வேலைகள். பின்னால் எவ்வளவு இடம் மிச்சம் என்பது மறந்துபோகும். விளிம்பில் தொடங்கி உள்பக்கமாகப் பின்வாங்கும்படி திசையை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

மின்கம்பி

மத்திய மின்சார ஆணையத்தின் விதிப்படி, சாதாரண வீட்டு இணைப்புக்கான தாழ்வழுத்தக் கம்பி மொட்டை மாடிக்கு மேலாகப் போனால் 2.5 மீட்டரும், பக்கவாட்டில் போனால் 1.2 மீட்டரும் இடைவெளி வேண்டும். 11 கிலோவோல்ட் கம்பி மேலாகப் போனால் இடைவெளி 3.7 மீட்டர். நெரிசலான தெருக்களில், கம்பி போட்ட பிறகு மாடி எழுப்பிய வீடுகளில், இந்த இடைவெளி இருப்பதில்லை. அங்கே மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்தச் செய்த பிறகே வேலை தொடங்க வேண்டும். ஒட்டடைக் கம்பு, அலுமினியத் தடி, ஈரக் குழாய் எதையும் தலைக்கு மேலே உயர்த்தித் திருப்பக் கூடாது. வீட்டுக்கு வரும் சர்வீஸ் கம்பியின் உறை வெயிலில் வெடித்திருக்கும். அது உறையிட்ட கம்பிதானே என்று தொடக் கூடாது. சூரிய மின்தகடு உள்ள வீட்டில் மெயினை நிறுத்தினாலும், தகட்டின் மேல் வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை அதிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருக்கும். தகட்டின் மேல் மிதிக்கவும் கூடாது, நடுப்பகல் சூட்டில் குளிர்ந்த நீரை ஊற்றவும் கூடாது.

மொட்டை மாடி

கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கித் தளம் போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பது தமிழ்நாட்டின் வழக்கம். பழைய வீடுகளில் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் இருக்கும். இரண்டிலும் உயிர்நாடி, நீர் தூம்பை நோக்கி ஓடும் வாட்டம். பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு இருந்தால் நீர் நிற்காது.

வேலையைத் தூம்பு வாயை அடைப்பதில் தொடங்க வேண்டும். ஒரு சாக்கைச் சுருட்டி வாயில் திணித்தால் சருகும் மண்ணும் குழாய்க்குள் போகாது. பிறகு உலர்ந்த நிலையில் தென்னந்துடைப்பத்தால் கூட்டிக் குப்பையை நடுவில் குவித்து, சாந்துச் சட்டியில் அள்ளிக் கயிற்றில் இறக்க வேண்டும். குப்பையை மாடியிலிருந்து கொட்டினால் அதில் கலந்த ஓட்டுச் சில்லு கீழே போகிறவரின் தலையில் விழும். புறா எச்சம் கெட்டியாக இருந்தால் உலர்வாகச் சுரண்டக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. நீர் தெளித்து ஊறவைத்து, முகக்கவசத்தோடு வழிக்க வேண்டும்.

அடுத்து பாசி. கரும்பச்சையாகப் படிந்த பாசியைத் தென்னை நார் பிரஷும் நீரும் கொண்டு தேய்த்தாலே முக்கால்வாசி போய்விடும். மிச்சத்துக்கு, பத்து லிட்டர் வாளி நீரில் 200 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவலாம். கழிவறை கழுவும் ஆசிட்டை இதோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. உடனே குளோரின் வாயு கிளம்பும். ஆசிட்டைத் தனியாகவும் தளத்தில் ஊற்றக் கூடாது. சுண்ணாம்பை அது கரைத்துவிடும். ஊற்றியபோது பளிச்சென்று தெரியும் தளம் அடுத்த மழையில் ஒழுகும். மண்வெட்டியால் சுரண்டுவதும், உயர் அழுத்த நீர்ப் பீச்சியைத் தட்டோட்டின் இணைப்பில் காட்டுவதும் அதே கெடுதலைச் செய்யும்.

கைப்பிடிச் சுவரின் அடியிலும் தூம்பைச் சுற்றியும் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருக்கிறதா என்று தேட வேண்டும். பறவை எச்சத்தோடு விழுந்த விதை, நூல் அளவு விரிசலிலும் வேர் பிடிக்கும். இரண்டு இலை விட்ட நிலையில் அது கையோடு வரும். ஒரு வருடம் விட்டால் சுவரைப் பிளக்கும். தண்டை மட்டும் ஒடித்தால் மறுபடி துளிர்க்கும் என்பதால், பூச்சைக் கொஞ்சம் கொத்தி வேரோடு எடுத்து, குழியைச் சிமென்ட் சாந்தால் அடைத்துவிட வேண்டும்.

கடைசியாகத் தூம்பின் சாக்கை எடுத்து, ஒரு வாளி நீர் ஊற்றி, கீழே அதே வேகத்தில் வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும். மெதுவாக வந்தால் அடைப்பு உள்ளே இருக்கிறது. மேலிருந்து குத்தினால் அது இன்னும் இறுகும். கீழ்ப்பக்கத்திலிருந்து குழாய் நீரைப் பீய்ச்சித் தளர்த்துவது மேல். தூம்பு வாயில் கூண்டு வடிவ வலை பொருத்தினால் சருகு உள்ளே போகாது. தட்டையான வலையின் மேல் ஓர் ஆலிலை ஒட்டினாலே வழி அடைபடும். தளம் உலரும்போது கடைசிவரை ஈரம் நிற்கும் இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டு வைக்கலாம். வாட்டம் கெட்டிருப்பது அங்கேதான்; கொத்தனாருக்கு அந்த வட்டமே போதுமான குறிப்பு.

ஓட்டுக் கூரை

சீமை ஓடு என்று சொல்லப்படும் மங்களூர் ஓடு, பாசல் மிஷன் 19ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தொடங்கிய ஆலைகள் வழியாகத் தென்னிந்தியா முழுதும் பரவியது. ஒன்றோடொன்று கொக்கி போட்டு, கைமரத்தின் மேல் அடித்த ரீப்பர் சட்டங்களில் தொங்குகிறது. நாட்டு ஓடு சிறியது, மெல்லியது, அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். சீமை ஓட்டின் மேல் நடக்க வேண்டியிருந்தால் ஓடும் ஓடும் மேற்படியும் வரிசையில், கீழே ரீப்பர் இருக்கும் இடத்தில்தான் கால் பட வேண்டும். நாட்டு ஓட்டின் மேல் கால் வைக்கவே கூடாது. இரண்டுக்கும் நல்ல வழி, முகட்டின் மறுபக்கத்தில் மாட்டும் கொக்கி கொண்ட ஏணியைச் சரிவின் மேல் படுக்கவைத்து, அடியில் வைக்கோல் திணித்த சாக்கு கொடுத்து, ஏணியின் மேலேயே நகர்வது.

சருகு அதிகம் சேருவது இரண்டு சரிவுகள் சந்திக்கும் கூடல்வாயில். அங்கே ஒழுகினால் சுவரோரத்து உத்திரம் உளுத்துவிடும். பாசியை உலர்ந்த நாளில், முகட்டிலிருந்து கீழ்நோக்கி மட்டும் தேய்க்க வேண்டும். மேல்நோக்கித் தேய்த்தாலும், கீழிருந்து நீரைப் பீய்ச்சினாலும், மேற்படிவின் இடுக்கு வழியாக அழுக்கு நீர் வீட்டுக்குள் இறங்கும். நாட்டு ஓட்டில் சுத்தம் செய்வது என்றால் ஓடு பிரித்து, தட்டித் துடைத்து, மறுபடி அடுக்குவதுதான். அதில் பழகிய ஆட்கள் இன்னும் கிராமங்களில் இருக்கிறார்கள், அவர்களிடமே விடுவது நல்லது. ஓட்டிடுக்கில் தேளும் பாம்பும் இருக்கலாம் என்பதால் வெறுங்கையை உள்ளே விடக் கூடாது. குளவிக்கூடு தெரிந்தால் வேலையை நிறுத்தித் தீயணைப்பு மீட்புப் பணி நிலையத்துக்குச் சொல்லலாம். ஏணியில் நிற்கும்போது குளவி கொட்டினால், கொட்டியதைவிடப் பதறிக் கீழே விழுவதே பெரிய கேடாகும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், தகரம்

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் இரண்டு ஆபத்துகள் சேர்ந்திருக்கின்றன. முதலாவது, அது ஆளைத் தாங்காது. வெயிலும் மழையும் பட்ட பழைய ஷீட் மொறுமொறுப்பாகி, எச்சரிக்கையே இல்லாமல் உடையும். மிதித்தவர் நேராகக் கீழே உள்ள தரையில் விழுவார். போல்ட் வரிசையில் கால் வைத்தால் போதும் என்ற நம்பிக்கையும் தவறானது. வெளிச்சத்துக்காக நடுவில் போட்ட ஃபைபர் ஷீட், புழுதி படிந்த பிறகு மற்ற ஷீட்டிலிருந்து வேறுபாடு தெரியாது; அது இன்னும் பலவீனமானது. ஏறியே ஆக வேண்டுமென்றால், ஒன்றரை அடி அகலமும் மூன்று சட்டங்களின் மேலாவது படியும் நீளமும் உள்ள பலகைகளைப் போட்டு, அவற்றை விட்டு விலகாமல், கச்சையோடு வேலை செய்ய வேண்டும்.

இரண்டாவது, அதன் தூசி. கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் இழை எந்த வகையானாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நுரையீரலில் தங்கும் இழை பல பத்தாண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படும். அதனால் உலர்வாகக் கூட்டுவது, கம்பிப் பிரஷால் தேய்ப்பது, உயர் அழுத்த நீர் பீய்ச்சுவது, துளையிடுவது எதுவும் வேண்டாம். மெல்லிய நீர்த்தூறலால் நனைத்து, மிருதுவான பிரஷால் வழித்து, சேறு உலர்வதற்குள் தடித்த பிளாஸ்டிக் பையில் இரண்டு உறையாகக் கட்டிவிட வேண்டும். துணி முகக்கவசம் இந்த இழையைத் தடுக்காது. உண்மையில், ஒழுகாத ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பாசி பிடித்திருக்கிறது என்பதற்காகத் தேய்க்கவே தேவையில்லை. சருகை மட்டும் ஏணியில் நின்று நனைத்து இழுத்துவிட்டால் போதும்.

தகர ஷீட்டில் திருகாணி வரிசையில்தான் கீழே சட்டம் இருக்கும். நடப்பது அந்த வரிசையில். ஈரத் தகரத்தில் ரப்பர் செருப்பும் வழுக்கும். பிளீச்சிங் நீர் தகரத்தை அரிக்கும் என்பதால் சோப்பு நீரே போதும். மடிப்புகளில் சருகு மக்கிக் கிடக்கும் இடத்தில்தான் துரு தொடங்கும். அந்த இடங்களை நன்றாக அலசிவிட வேண்டும்.

விழுந்தால்

விழுந்தவரைத் தூக்கி உட்காரவைப்பதும் ஆட்டோவில் மடக்கிப் போடுவதும் முதுகுத் தண்டை நிரந்தரமாகக் கெடுத்துவிடலாம். மேலும் ஏதாவது சரிந்து விழும் ஆபத்தோ மின்கசிவோ இல்லையென்றால் அப்படியே அசையாமல் படுக்கவைத்து, தலையையும் கழுத்தையும் நேராகப் பிடித்தபடி 108-ஐ அழைக்க வேண்டும். மின்சாரம் தாக்கியிருந்தால் மின்சாரம் நின்றது உறுதியாகும்வரை தொடக் கூடாது. கச்சையில் தொங்கிக்கொண்டிருப்பவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்கியாக வேண்டும். தொடைப்பட்டை இறுக்கி இரத்த ஓட்டம் தடைப்பட்டால் காயமே இல்லாதவரும் மயங்கிவிடுவார். எப்படி இறக்குவது என்பதை ஏறுவதற்கு முன்பே யோசித்து, இன்னோர் ஏணியைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

மழைநீர்த் தொட்டி

கூரையைக் கழுவும் நாளில் மழைநீர் சேகரிப்புக் குழாயைத் தொட்டியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் விலக்கி, நீரை வெளியே விட வேண்டும். பிளீச்சிங் நீரும் பாசியும் உள்ளே போகக் கூடாது. வடிகட்டும் குழியின் மேல்மணலையும் கூழாங்கல்லையும் அதே நாளில் எடுத்துக் கழுவிப் போட்டுவிடலாம். முதல் மழையின் நீர் மிஞ்சிய தூசியைக் கழுவிக்கொண்டு வரும். அதையும் வெளியே விட்டு, அடுத்த மழையில் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்துத் தெளிந்திருந்தால் குழாயை மறுபடி இணைக்கலாம்.